சிவப்பை மீட்கும் விளக்கு

பவளம் என்றால் சிவப்பு. தமிழில் இதைப் பற்றி இரண்டாவது கருத்து கிடையாது. உதட்டுக்கும் அந்தி வானத்துக்கும் இறைவனின் மேனிக்கும் உவமை தேடிய நம் புலவர்கள் முதலில் கை நீட்டியது பவளத்தை நோக்கித்தான். அந்த நகைப் பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல் வணிகக் கையேடான 'பெரிப்ளூஸ்', முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பண்டங்களின் பட்டியலில் பவளத்தையும் சேர்த்திருக்கிறது. கரைக்கு வந்து, மெருகேறி, வெயில் பட்டு மின்னிய பவளத்தைத்தான் புலவர்கள் பார்த்தார்கள். அது விளைந்த ஆழத்துக்கே போய்ப் பார்த்திருந்தால் உவமையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். 20 மீட்டர் ஆழத்தில் பவளம் கறுப்பு. அங்கே சிவப்பு என்று ஒரு நிறமே மிச்சம் இல்லை.

காரணம் எளிமையானது. வெயில் எல்லா நிறங்களையும் சுமந்துகொண்டு கடலில் இறங்குகிறது. தண்ணீர் முதலில் பறித்துக்கொள்வது சிவப்பை. மிகத் தெளிந்த நீரில்கூட அடர் சிவப்பு ஒளி 1 மீட்டர் தூரம் கடந்தால் 71 சதவீதம் மிஞ்சும். 5 மீட்டர் கடந்தால் 18 சதவீதம். 10 மீட்டரில் வெறும் 3 சதவீதம். பின்னாலேயே ஆரஞ்சும் மஞ்சளும் வரிசையாகக் கழன்றுகொள்ள, நீலமும் கொஞ்சம் பச்சையும்தான் அடிவரை போய்ச் சேர்கின்றன. ஆழத்தில் கை கீறி, கசியும் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரிவதைக் கண்டு மிரண்டுபோன புது ஆட்கள் உண்டு. நம் மூளை தாட்சண்யம் உள்ளது. பழகிய நிறங்களை ஓரளவு இட்டு நிரப்பி, 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று நம்மைச் சமாதானப்படுத்திவிடும். கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இருப்பதை மட்டும் எழுதிக்கொள்ளும்.

அதனால்தான் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய்வருகிறவர்கள் ஊர் திரும்பியதும் ஒரு சின்ன ஏமாற்றத்துக்கு ஆளாகிறார்கள். தண்ணீருக்குள் அற்புதமாகத் தெரிந்த பவளத்திட்டு, வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தால் நீலச் சொட்டு மருந்தில் முக்கி எடுத்தது போல இருக்கிறது. 'அடுத்த முறை ஒரு நல்ல லைட் வாங்கிக்கொண்டு போக வேண்டும்' என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது. முடிவு சரி. ஆனால் எந்த விளக்கு, அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

தீவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரைச் சுமந்திருந்த இந்தத் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். பெயர் மாறினாலும் டைவிங் கடைகளிலும் படகுகளிலும் இன்றும் ஹேவ்லாக்தான். பருவமழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் சீசன். ஆழம் குறைந்த லைட்ஹவுஸ் புதியவர்களுக்கும் இரவு டைவிங்குக்கும் தோதானது. டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்கள் ஆழம் கூடியவை, பழகியவர்களுக்கானவை. ஸ்கூபாவில் முதல் சான்றிதழ் பெற்றவருக்கு அனுமதி 18 மீட்டர் வரை. அடுத்த கட்டம் தேறியவருக்கு 30 மீட்டர். சான்றிதழே இல்லாமல், பயிற்றுநர் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அழைத்துப்போகும் அறிமுக டைவ் என்றால் 12 மீட்டருக்கு மேல் கூடாது.

இப்போது விளக்குக்கு வருவோம். தரையில் விளக்கின் வேலை இருட்டை விரட்டுவது. பகல் நேரத்துக் கடலில் இருட்டு பிரச்னையே அல்ல. ஹேவ்லாக்கின் தெளிந்த நீரில் நண்பகலில் 20 மீட்டர் ஆழத்திலும் நன்றாகவே கண் தெரியும். அங்கே விளக்கின் வேலை, தண்ணீர் பறித்துக்கொண்ட சிவப்பைத் திருப்பிக் கொண்டுவருவது. மேலிருந்து வரும் வெயிலில் இல்லாத நிறத்தை நாம் கையோடு எடுத்துச்சென்று, பொருளுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறோம். இந்த ஒரு விஷயம் மனதில் படிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாகவே வந்துவிடும்.

பறிக்கும் தண்ணீர் நம் விளக்கை மட்டும் விட்டுவைக்குமா என்ன? விளக்கிலிருந்து பவளத்துக்குப் போகும் ஒளியிலும் பறிக்கும், பவளத்தில் பட்டுக் கேமராவுக்குத் திரும்பும் ஒளியிலும் பறிக்கும். பவளத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்றால், போக வர 1 மீட்டர். அடர் சிவப்பில் 71 சதவீதம் மிஞ்சும். 1 மீட்டர் தள்ளி நின்றால் பயணம் 2 மீட்டர், பாதிதான் மிஞ்சும். 2 மீட்டர் தள்ளி நின்றால் பயணம் 4 மீட்டர், மிச்சம் 26 சதவீதம். இது தண்ணீரின் கணக்கு. இதோடு பள்ளிக்கூடத்தில் படித்த இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது: தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், அரை மீட்டரில் கிடைக்கும் சிவப்பைப் போல 2 மீட்டரில் கிடைப்பது ஏறத்தாழ 44-ல் ஒரு பங்கு.

கடைக்காரர் 'ஐயாயிரம் லூமென் எதற்கு, பத்தாயிரமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும்போது இந்த 44-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். விளக்கின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் அதன் எட்டுத்தொலைவு ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. பாதித் தூரம் நெருங்கிப் போனால் செலவே இல்லாமல் நான்கு மடங்குக்கு மேல் லாபம். கடலடி விளக்கு என்பது கையெட்டும் தூரத்துக்கான கருவி. ஒரு மீட்டருக்குள் அது ராஜா, மூன்று மீட்டருக்கு அப்பால் வெறும் சுமை.

இந்த உண்மையைத் தெரிந்துகொள்ள மனிதர்கள் கொஞ்சம் சிரமப்பட்டிருக்கிறார்கள். லூயி பூட்டான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1893-ல் பன்யூல் கடற்கரையில் தண்ணீருக்கு அடியில் படம் எடுத்தபோது, பிராணவாயு நிரப்பிய மரப் பீப்பாயின் மேல் ஒரு ஸ்பிரிட் விளக்கை வைத்து, அதன் சுடரில் மெக்னீசியப் பொடியை ஊதி வெளிச்சம் உண்டாக்கினார். புளோரிடா அருகே டிரை டொர்டுகாஸ் தீவுகளில் 1926-ல் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் ஒரு தெப்பத்தில் மெக்னீசிய மருந்தைக் கொட்டிப் பற்றவைத்து, கடலடியின் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அவற்றை வெளியிட்டது. ஒருமுறை மருந்து முன்கூட்டியே வெடித்து லாங்லி தீக்காயம் பட்டதும் இந்தக் கதையில் சேர்த்தி. ஸ்கூபா கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ழாக் குஸ்தோ, லூயி மாலுடன் சேர்ந்து எடுத்த 'மௌன உலகம்' படம் 1956-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. எரியும் தீவட்டிகளைக் கையில் ஏந்தியபடி மனிதர்கள் ஆழத்துக்கு இறங்குவதுதான் அதன் தொடக்கக் காட்சி. நீலம் மட்டுமே என்று உலகம் நினைத்திருந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் இருந்ததைத் திரை காட்டியது. பிற்பாடு குஸ்தோவின் குழு அந்தமானுக்கும் வந்து ஓர் ஆவணப்படம் எடுத்தது. அன்று தீவட்டியும் கப்பலிலிருந்து நீளும் கேபிளும் செய்த வேலையை, இன்று உள்ளங்கையில் அடங்கும் எல்இடி விளக்கு செய்கிறது.

கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, கற்றையின் அகலம். பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் இறாலைத் தேட உதவும் டைவிங் டார்ச்சின் கற்றை குறுகலானது. அதை வைத்து வீடியோ எடுத்தால் நடுவில் வெள்ளை வட்டமும் சுற்றிலும் இருட்டும் விழும். கச்சேரி மேடையில் பாடகரின் மூக்கை மட்டும் காட்டும் ஸ்பாட்லைட் மாதிரி. வீடியோவுக்கு வேண்டியது நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராகப் பரவும் அகலமான ஒளி. 100 முதல் 120 டிகிரி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். அது காற்றிலா தண்ணீரிலா என்று கேட்பது நல்லது. தட்டையான கண்ணாடி முகப்பு கொண்ட விளக்கில், காற்றில் 120 டிகிரி விரியும் கற்றை தண்ணீரில் ஒளிவிலகலால் 80 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, நிறத்தின் நேர்மை. பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமாக 5,000 முதல் 5,600 கெல்வின் வரை இருக்கும் விளக்கு போதும். அதைவிட முக்கியம், விளக்கு எல்லா நிறங்களையும் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ மதிப்பெண். 100-க்கு 90-க்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் இந்த மதிப்பெண்ணில் ஓர் ஓட்டை உண்டு. இது எட்டு வெளிர் நிறங்களுக்குப் போட்ட சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு 'ஆர்9' என்று தனி மதிப்பெண். மலிவான எல்இடிகள் பல சராசரியில் பாஸாகிவிட்டு ஆர்9-ல் கோட்டை விடுகின்றன. சிவப்பை மீட்கவென்றே வாங்கும் விளக்கு சிவப்பில் தோற்றால் அப்புறம் அது எதற்கு? லூமென் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டு, ஆர்9-ஐச் சொல்லாமல் விடும் விளம்பரத்தைச் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

மூன்றாவது, நேரம். ஒரு டைவ் முக்கால் மணி, ஒரு மணி நேரம் நீடிக்கும். முழு வெளிச்சத்தில் எத்தனை நிமிடம் தாங்கும், சூடேறினால் தானாகவே மங்கிக்கொள்ளுமா என்று கேட்க வேண்டும். கடல்நீர்தான் இந்த விளக்குகளுக்குக் குளிரூட்டி. படகில் அமர்ந்து நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தால் சூடேறி வீணாகும். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது சில எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாமல் படபடவென்று அணைந்து எரியும். வீடியோவில் அது கோடு கோடாக விழும். வாங்கும் இடத்திலேயே நம் கேமராவில் பத்து வினாடி எடுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

பேட்டரியைப் பொறுத்தவரை சென்னை விமான நிலையத்திலேயே பரீட்சை தொடங்கிவிடும். உதிரி லித்தியம் பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. முனைகளை டேப் ஒட்டி மூடி, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் தனி அனுமதி வேண்டியதில்லை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இந்தக் கணக்கு கிடைக்கும். சாதாரண டார்ச் செல் 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி என்றால் 12.6 வாட்-மணிதான். பயமில்லை.

விளக்கைக் கொல்லும் எதிரி வேறு ஒன்று. மூடியைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துண்டிலிருந்து பிரிந்த ஒரு நூல் அதில் ஒட்டியிருந்தால் போதும், 10 மீட்டர் ஆழத்தில் இரட்டிப்பாகும் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். அறையில் நல்ல வெளிச்சத்தில் வளையத்தைத் துடைத்து, சிலிகோன் கிரீஸை மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தடவி மூட வேண்டும். ஆடும் படகில், ஈரக் கையோடு திறக்கவே கூடாது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போட வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான்கள் இறுகிவிடும். சில டைவிங் மையங்களில் கேமராவும் விளக்கும் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதல் பயணத்தில் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு, பிறகு வாங்கலாம்.

வாங்கியாயிற்று. எங்கே பொருத்துவது? கேமராவின் தலைமேல் என்று தோன்றும். அதுதான் மிக மோசமான இடம். கடல்நீரில் எப்போதும் மிதவைத் துகள்கள் உண்டு. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து பாயும் ஒளி அத்தனை துகள்களின் மீதும் பட்டு நேராகத் திரும்பி வரும். மூடுபனியில் காரின் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டவர்களுக்கு இதன் பலன் தெரியும். படம் முழுக்கப் பனி பெய்தது போல வெள்ளைப் புள்ளிகள். பரிகாரம், விளக்கை லென்ஸிலிருந்து விலக்குவது. கேமராவின் இரண்டு பக்கமும் மடக்கும் கைகளில் ஆளுக்கொரு விளக்கு, லென்ஸைவிடச் சற்றே பின்தள்ளி, முகம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியபடி. கற்றைகளின் உள்விளிம்பு பொருளின் மீது வந்து தொட வேண்டும். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் இருட்டாகவே இருக்கட்டும். ஒரே விளக்குதான் இருக்கிறது என்றால் பக்கவாட்டில் மேலே தூக்கிப் பிடித்தால் போதும். சின்ன உயிர்களுக்கு அதுவே அழகான நிழலைக் கொடுக்கும்.

நீர் கலங்கியிருந்தால் எந்தக் கோணமும் முழுதாகக் காப்பாற்றாது. மழைக்குப் பிந்தைய புதுச்சேரிக் கடலிலும், மன்னார் வளைகுடாவில் காற்று அடிக்கும் நாட்களிலும் பெரிய விளக்கு பெரிய மூடுபனியைத்தான் உண்டாக்கும். தூத்துக்குடியின் சங்கு குளிப்போர் தலைமுறை தலைமுறையாகக் கடல் தெளியும் நாளுக்குக் காத்திருந்தது சும்மா அல்ல. அப்படிப்பட்ட நாளில் வெளிச்சத்தைக் குறைத்து, இன்னும் கிட்டே போய், ஒரு சாண் அளவு உயிரை எடுப்பதே புத்திசாலித்தனம்.

விளக்கே வேண்டாத சந்தர்ப்பங்களும் நிறைய. ஹேவ்லாக்கின் புகழ்பெற்ற கடலடி நட்சத்திரம் ஒரு மீன் அல்ல, ஒரு யானை. மரம் இழுப்பதற்காகக் கொண்டுவரப்பட்டு, கடலில் நீந்தப் பழகி, 2016-ல் தன் 66-வது வயதில் இறந்துபோன ராஜன். அவன் கால்களைத் துழாவி நீந்திய படங்களை ஒளிர வைத்தது மேலிருந்த சூரியன்தான். அத்தனை பெரிய உருவத்தை எந்தக் கைவிளக்கும் முழுதாக நனைக்க முடியாது. சூரை மீன் கூட்டம், திருக்கை, பரந்த பவளத்திட்டு எல்லாம் இந்த ரகம். 5 முதல் 15 மீட்டர் ஆழத்தில் இவற்றை எடுக்க லென்ஸின் மேல் ஒரு சிவப்பு ஃபில்டரைப் பொருத்தலாம். இல்லாத சிவப்பை அது உண்டாக்காது, மிகையாகிப்போன நீலத்தை வடிகட்டும். அல்லது ஒரு வெள்ளை அட்டையைக் காட்டிக் கேமராவின் வெள்ளைச் சமநிலையைக் கையால் சரிசெய்யலாம், ஆழம் மாறும்போதெல்லாம் திரும்பவும். ஒரு எச்சரிக்கை: ஃபில்டரும் விளக்கும் சேரக் கூடாது. சேர்ந்தால் முன்னால் இருக்கும் மீன் குங்குமத்தில் குளித்தது போல வரும். அறிமுக டைவுக்குப் போகிறவருக்கு இந்த ஃபில்டரே போதும். விளக்கு அவர் கையில் பாரம்தான்.

இரவில் கதை வேறு. அப்போது விளக்கு கண்ணாகவும் வாயாகவும் ஆகிவிடுகிறது. ஒளியால் மெதுவாக வட்டம் போட்டால் 'நலம்', வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் 'இங்கே பார், உதவி' என்று அர்த்தம். இதற்குக் குறுகிய கற்றை கொண்ட டார்ச்தான் சரிப்படும், அகல வீடியோ விளக்கு சரிப்படாது. ஆகவே வீடியோ விளக்கோடு ஒரு டார்ச், அது அணைந்தால் இன்னொரு டார்ச் என்பது இரவு டைவிங்கின் பாலபாடம். கூட வருபவரின் முகத்தில் அடித்து அவரைக் குருடாக்காமல் இருப்பது மரியாதை.

மரியாதை மீன்களுக்கும் உண்டு. தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு பின்னிக்கொண்டு தூங்கும் கிளிமீன் மீது நிமிடக்கணக்கில் வெளிச்சம் கொட்டுவது, தூங்குகிறவரின் போர்வையை உருவுவது போல. அதுமட்டுமல்ல, வேட்டை மீன்கள் டைவர்களின் விளக்குக்குப் பின்னாலேயே வந்து, வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் சிறு மீனைக் கொத்திப்போகப் பழகியிருக்கின்றன. அப்போது நாம் பார்வையாளர் இல்லை, கூட்டாளி. பல விளக்குகளில் சிவப்பு ஒளிக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. பவளத்திட்டு மீன்கள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த மங்கிய சிவப்பில் நெருங்கி, ஃபோகஸ் செய்து, சில வினாடி மட்டும் வெள்ளை ஒளியைப் போட்டு எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கேமரா ஃப்ளாஷ் கடற்குதிரையின் கண்ணைப் பாதித்ததாகத் தெரியவில்லை என்றது. ஆனால் படத்துக்கு வாகாக அதைக் குச்சியால் தள்ளி, திருப்பி வைப்பதுதான் அதிகம் பாதிக்கிறது என்றும் சொன்னது. நீளும் வீடியோ விளக்கை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் கை படாமல் இருப்பது எல்லா விளக்குக்கும் பொதுவான பாடம்.

இங்கேதான் விஷயத்தின் சிக்கல் இருக்கிறது. விளக்கு வேலை செய்ய வேண்டுமானால் நெருங்க வேண்டும் என்று இத்தனை நேரம் சொன்னோம். நெருங்குவது யாரை? பவளம் பாறை அல்ல, உயிர். ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட குடியிருப்பு. உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் பெருக்கும். இரண்டு கையிலும் கேமராத் தட்டைப் பிடித்துக்கொண்டு, திரையிலேயே கண்ணாக இருக்கும் ஒருவர், தன் துடுப்புக்கால் பின்னால் எதை உதைக்கிறது என்று அறிய மாட்டார். ஓர் உதையில் உடைவது ஓராண்டு வளர்ச்சி அல்ல, சமயத்தில் அவர் வயதைவிட அதிகம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைக் காக்கிறது, உடைத்தெடுப்பது குற்றம். ஆனால் துடுப்புக்காலுக்குப் பின்னால் போலீஸ்காரர் நீந்தி வர முடியாது.

அந்தமானின் பவளத்திட்டுகள் ஏற்கெனவே அடி வாங்கியவை. 2004 பூகம்பம் வடக்கே சில திட்டுகளை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிட்டு உலர்த்தியது. கடல் சூடேறிய 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. பவளத்துக்கு நிறத்தையும் பெருமளவு உணவையும் தருவது அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி. வெப்பம் தாங்காமல் அந்தப் பாசியைப் பவளம் வெளியேற்றிவிட, கீழே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லையென்றால் பவளம் பட்டினியில் சாகும். தேறி எழ முயலும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலில் இடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டாமா?

எனவே விளக்கு வாங்கும் முன் வாங்க வேண்டியது ஒன்று உண்டு, மிதப்பு. மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே என்று, கையை ஆட்டாமல், எதையும் பிடிக்காமல், பவளத்துக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நிற்கப் பழகுவது. அது வரும்வரை கேமராவைப் படகில் வைத்துவிட்டுப் போவது நல்லது. அதன் பிறகும் மணல் தரைக்கு மேலே நின்று, கேமராவையும் விளக்கையும் வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். இரண்டு விளக்குகள் சேர்ந்தால் கேமரா முன்பக்கம் கவிழும், மணிக்கட்டை இழுக்கும். மடக்கும் கைகளில் மிதவைகளைக் கட்டி எடையைச் சமன் செய்துகொள்ளலாம். திரையில் மூழ்கியவர் காற்று மானியைப் பார்க்க மறப்பதும், ஆழம் கூடுவதை உணராததும், துணை வந்தவரைத் தொலைப்பதும் நடக்கிற விஷயங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் மானி, ஆழம், துணை என்று மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டால் உயிருக்கு உத்தரவாதம்.

கடைசியாக நிறத்தின் நேர்மையைப் பற்றி. ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேமரா பதிவு செய்யாத சிவப்பைக் கம்ப்யூட்டர் யூகிக்கத்தான் முடியும். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். மூலத்தில் அழிந்துபோன சொல்லை ஊகித்து எழுதலாம். படிக்க நன்றாகவும் இருக்கலாம். அது மூலம் ஆகாது. வெளுத்துக்கொண்டிருக்கும் பவளத்துக்கு ஆரோக்கியச் சிவப்பைப் பூசிக் காட்டும் வீடியோ, நோயாளிக்கு ரூஜ் தடவிப் போட்டோ எடுப்பது போன்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய 'கோரல்வாட்ச்' திட்டம் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. பல நிறக் கட்டங்கள் கொண்ட அட்டை ஒன்றைப் பவளத்தின் பக்கத்தில் பிடித்து, எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று குறித்துக்கொள்வது. அட்டையின் மீதும் பவளத்தின் மீதும் ஒரே ஒளி விழுவதால் ஒப்பீடு பிழைபடாது. நல்ல விளக்கோடு, ஒரே இடத்தில், ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் அரை நிமிட வீடியோவும் அப்படியொரு சாட்சியாக முடியும். விடுமுறைக்குப் போனவர் கொண்டுவரும் காட்சி, பத்தாண்டு கழித்து ஆராய்ச்சியாளருக்கும் உதவும்.

பத்தாயிரம் லூமெனைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பவளத்துக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நிற்பதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவது இருந்தால் படம் சற்று மங்கும், அவ்வளவுதான். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால், அடுத்து வருகிறவர் எவ்வளவு நல்ல விளக்கைப் பிடித்தாலும் அங்கே மீட்பதற்குச் சிவப்பு இருக்காது.